சும்பா தீவில் வில்லா வாங்க நஞ்சையை விற்கலாமா?

வந்த கடிதம்

கும்பகோணத்தை ஒட்டிய ஒரு கிராமத்திலிருந்து ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் நீளமாக எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 61. தாத்தா வழியில் வந்த பத்து மா (மூன்று ஏக்கருக்குச் சற்று மேல்) நஞ்சை இருக்கிறது, அரசலாற்றுப் பாசனம். அப்பா 2003-ல் உயில் எழுதாமல் காலமானார், அம்மாவும் இப்போது இல்லை. பட்டா இவர் பெயரில் இருக்கிறது. ஒரே தங்கைக்கு 1994-ல் கல்யாணம் ஆனது. நகை, சீர் எதிலும் குறை வைக்கவில்லை என்கிறார். மகன் பெங்களூரில் வேலையில் இருக்கிறார், மகள் திருச்சியில். பணி ஓய்வின்போது வந்த பணத்தில் 40 லட்சம் வங்கியில் இருக்கிறது. கிராமத்தில் திண்ணையும் முற்றமும் உள்ள ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது.

தஞ்சாவூரில் ஒரு ஓட்டலில் நடந்த முதலீட்டுக் கூட்டத்துக்கு மகன் அழைத்துப் போயிருக்கிறார். கிழக்கு இந்தோனேசியாவில் சும்பா என்ற தீவு. இன்னும் அதிகம் வளராத இடம். அங்கே கடலைப் பார்த்த சரிவில் சொகுசு வில்லாக்கள் கட்டி, ஓடி ஓடி ஊர் பார்க்காமல் ஒரே இடத்தில் வாரக்கணக்கில் தங்க விரும்பும் வசதியான பயணிகளுக்கு வாடகைக்கு விடும் திட்டம். வில்லா ஒன்று 90 லட்சம். கட்டி முடித்த பின் ஐந்து வருடத்துக்கு 12 சதவீதம் உறுதி வருமானம், அப்புறம் விரும்பினால் அவர்களே திருப்பி வாங்கிக்கொள்வார்கள், வருடத்தில் 21 நாள் குடும்பத்தோடு இலவசமாகத் தங்கலாம். நிலத்தை 'நம்பிக்கையான உள்ளூர்ப் பங்குதாரர்' பெயரில் முழு உரிமையாக வாங்கி, இவருக்குப் பவர் எழுதிக் கொடுப்பார்களாம். அது வேண்டாமென்றால் 30 வருடக் குத்தகை. இந்த மாதக் கடைசிக்குள் 5 லட்சம் முன்பணம் தர வேண்டும். மீதியில் ஒரு பகுதியைக் கும்பகோணத்திலேயே ஒருவரிடம் ரொக்கமாகக் கொடுத்தால் அங்கே வரவு வைத்துவிடுவதாகவும் சொல்லியிருக்கிறார்கள்.

வங்கிப் பணத்தோடு ஐந்து மா நிலத்தை விற்றுச் சேர்த்து, குறைந்தால் நகையை அடகு வைத்து வாங்கிவிடலாம் என்பது இவர் எண்ணம். மனைவிக்கு இதில் சம்மதமில்லை. மகனோ, ஒரு காலத்தில் பாலியும் இப்படித்தான் இருந்தது, இப்போது விட்டால் கிடைக்காது என்கிறார். "மேட்டூரையும் மழையையும் நம்பி இருந்தது போதும் என்று எனக்கும் தோன்றுகிறது. செய்யலாமா?" என்று முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள ஐயா,

ஜூன் 12-ல் அணை திறப்பார்களா, குறுவை போடலாமா, இல்லை சம்பா மட்டும்தானா என்று வருடா வருடம் காத்திருந்த களைப்பு உங்கள் கடைசி வரியில் தெரிகிறது. அதைச் சாதாரணமாக நினைக்கவில்லை. நஞ்சையை விற்கவே கூடாது என்று சொல்லும் ஆளும் நான் இல்லை. ஆனாலும் இந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் தெளிவான ஆலோசனை. இங்கே நீங்கள் விற்க நினைக்கும் நிலத்தில் உங்களோடு இன்னும் சிலர் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே வாங்க நினைக்கும் நிலத்தின் பத்திரத்தில் உங்கள் கையெழுத்துக்கு இடமே இல்லை. இரண்டையும் விளக்குகிறேன்.

உள்ளூர்க்காரர் பெயரில் வாங்குவது

இந்தோனேசியாவில் நிலத்துக்கு நம் ஊர்க் கிரயம் போன்ற முழு உரிமையை 'ஹாக் மிலிக்' என்பார்கள். 1960-ல் வந்த அடிப்படை நிலச் சட்டப்படி, தனி மனிதர்களில் அந்த நாட்டுக் குடிமக்கள் மட்டுமே அதை வைத்திருக்க முடியும். நேராகவோ சுற்றி வளைத்தோ வெளிநாட்டவருக்கு அந்த உரிமை போய்ச் சேரும்படி செய்தால், அதே சட்டத்தின் 26-ம் பிரிவு அந்தப் பரிமாற்றம் செல்லாது என்கிறது. அதோடு விடவில்லை. நிலம் அரசுக்குப் போய்விடும், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது என்று அதே பிரிவில் எழுதியிருக்கிறது. உங்களுக்குக் கூட்டத்தில் காட்டிய பவர் பத்திரம், கடன் ஒப்பந்தம் எல்லாம் இப்படிச் சுற்றி வளைக்கும் காகிதங்கள்தான். அந்தப் பங்குதாரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் இறந்தால், விவாகரத்து ஆனால், கடன்பட்டால், அந்த நிலம் அவர் குடும்பத்தின் சொத்தாகவே பார்க்கப்படும். உங்கள் பவரை எடுத்துக்கொண்டு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும், முதல் கேள்வி உங்களைப் பார்த்துத்தான் வரும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். சும்பாவில் பல இடங்களில் நிலம் குலங்களின் வழக்க உரிமையில் இருக்கிறது. குலத்தில் ஒருவர் விற்றேன் என்று கையெழுத்துப் போட, மற்றவர்கள் நாங்கள் சம்மதிக்கவில்லை என்று வருவது அங்கே புதிதில்லை. 2018 ஏப்ரலில் மேற்குச் சும்பாவின் மரோசி கடற்கரையில், ஒரு சுற்றுலா நிறுவனத்துக்காக நிலம் அளந்தபோது எதிர்த்து நின்ற ஊர்க்காரர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் போராட்டத்தில் உட்கார்ந்ததையும், 2020-ல் டெல்டாவுக்குப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்ததையும் பார்த்தவர்கள் நாம். யாருக்கும் சொந்தமில்லாத காலிக் கடற்கரை என்று விளம்பரத்தில் காட்டுகிற இடத்தில் யார் மாடு மேய்க்கிறார்கள், யாருடைய முன்னோர் கல்லறை இருக்கிறது என்று கேட்க நமக்குக் கடமை இருக்கிறது. உங்கள் பணத்தின் பாதுகாப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை.

30 வருடக் குத்தகை

சட்டப்படி உங்களுக்குத் திறந்திருக்கும் வழிகளில் எளிதானது இதுதான். கும்பகோணத்துக்காரருக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டியதில்லை. கோயில் அடிமனையில் வீடு கட்டிய மாதிரி. சுவர் உங்களுடையது, மண் இன்னொருவருடையது. அடிமனையிலாவது தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறோம் என்று பேச ஒரு பிடி இருக்கிறது. அங்கே 30 வருடம் முடிந்தால் வீடும் நிலக்காரரோடு போய்விடும். நீட்டிப்பு உண்டு என்று சொன்னால், என்ன விலைக்கு, யார் முடிவு செய்வது, நில உரிமையாளரின் வாரிசுகளையும் அது கட்டுப்படுத்துமா என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். "சந்தை விலைக்கு நீட்டிக்கலாம்" என்ற ஒரு வரி மட்டும் இருந்தால், அது இல்லாததற்குச் சமம்.

வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் தொடங்கிக் கட்டட உரிமை வாங்கும் முறையும் உண்டு. அதற்குப் பொதுவாக ஆயிரம் கோடி ருப்பியாவுக்கு மேல் முதலீட்டுத் திட்டம் காட்ட வேண்டும். நம் பணத்தில் ஐந்து கோடியைத் தாண்டும். உங்களுக்கு அது பொருந்தாது.

உங்களிடம் கொடுத்த ஒப்பந்த மாதிரி ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தோனேசியத் தரப்பு சம்பந்தப்பட்ட ஒப்பந்தம் அந்நாட்டு மொழியிலும் இருக்க வேண்டும் என்று 2009-ல் அங்கே சட்டம் வந்துவிட்டது. அது இல்லாததைக் காரணமாகக் காட்டியே ஒப்பந்தம் செல்லாது என்று வாதாட இடம் உண்டு. துண்டுப் பிரசுரத்தில் போட்டிருக்கும் ரெரா (மனை, கட்டட விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) எண்ணையும் நம்ப வேண்டாம். ரெரா பதிவு அந்தந்த மாநிலத்தில் உள்ள மனைகளுக்கு, கட்டடங்களுக்குத்தான். சும்பா மண்ணுக்குத் தமிழ்நாட்டு ரெரா எந்தப் பாதுகாப்பும் தராது.

12 சதவீதம்

90 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் வருடத்துக்கு 10 லட்சத்து 80 ஆயிரம். 30 வருடக் குத்தகையில் வருடத்துக்கு 3 லட்சம் உங்கள் முதலே கரைந்துகொண்டிருக்கும். ஆக, வருமானம் என்று கையில் வருவதில் 3 லட்சம் உங்கள் சொந்தப் பணம் திரும்பி வருவதுதான். நிர்வாகம், பணியாட்கள், பராமரிப்பு, உள்ளூர் வரி எல்லாம் வாடகையில் பாதியைச் சாப்பிடும் என்று வைத்துக்கொண்டால், மொத்த வாடகை 21 லட்சத்து 60 ஆயிரம் வர வேண்டும். இரவுக்கு 15,000 ரூபாய் என்றால் 144 இரவுகள் நிரம்ப வேண்டும். வாரக்கணக்கில் தங்குகிறவர்கள் இரவு வாடகையில் பெரிய தள்ளுபடி கேட்பார்கள் என்பதையும் மறக்காதீர்கள். பெயர் தெரியாத புது வில்லாவுக்கு முதல் வருடமே இது நடக்குமா?

நீங்களே போய்த் தங்குவதை நினைத்துப் பாருங்கள். திருச்சியிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர், அங்கிருந்து பாலி, பாலியிலிருந்து சும்பாவில் தம்போலாகா அல்லது வைங்காப்பு. மூன்று விமானம் ஏற வேண்டும். நிதானப் பயணக்காரர் அதற்குத் தயங்க மாட்டார், சரி. ஆனால் ஒரு மாதம் தங்குகிறவருக்குத் தண்ணீர் தடைபடக் கூடாது, மின்சாரம் நிற்கக் கூடாது, இணையம் வேண்டும், நெஞ்சு வலித்தால் பார்க்க டாக்டர் வேண்டும். சும்பா வறண்ட தீவு. மழை பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை, பிறகு நீண்ட கோடை. பாலியைப் போல எரிமலை மண்ணும் வாய்க்கால் பாசனமும் உள்ள இடம் இல்லை. மகன் சொல்லும் ஒப்பீடு இங்கேயே தடுமாறுகிறது. உங்களுக்குத் தண்ணீர்க் கவலை விட்டுப்போகும் என்று நினைத்து வாங்கும் இடத்தில், அந்தக் கவலை லாரித் தண்ணீர்ச் செலவாக ஒவ்வொரு மாதக் கணக்கிலும் வரும்.

அந்தத் தீவில் வெற்றி பெற்ற விடுதி இல்லாமலில்லை. நிஹி என்ற விடுதியை ஒரு பெரிய பயண இதழின் வாசகர்கள் 2016-லும் 2017-லும் உலகிலேயே சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்தில் அந்தப் படத்தைத்தான் காட்டியிருக்கிறார்கள். அதைத் தொடங்கியவர்கள் 1980-களின் கடைசியில் அங்கே போனவர்கள். நடுவில் கை மாறி, பெரும் பணம் போட்ட பிறகுதான் அந்தப் பெயர் வந்தது. அவர்கள் புகழால் பக்கத்துச் சரிவில் இருக்கும் உங்கள் வில்லா நிரம்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. 1977 ஆகஸ்டில் சும்பாவுக்குத் தெற்கே கடலடியில் பெரிய நிலநடுக்கம் வந்து ஆழிப்பேரலை எழுந்தது. நாகப்பட்டினத்தில் 2004-ஐப் பார்த்த நாம், கடலைப் பார்த்த சொத்து என்றால் காப்பீட்டுப் பத்திரத்தை முதலில் கேட்க வேண்டும். அலை ஏறும் எல்லையிலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளிக் கட்ட வேண்டும் என்ற விதியும் அங்கே உண்டு.

உறுதி வருமானம் என்று சொல்லிப் பலரிடம் பணம் சேர்த்து, நிர்வாகத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளும் திட்டங்களுக்கு இங்கே முதலீட்டுச் சந்தையைக் கண்காணிக்கும் செபியிடம் பதிவு தேவைப்படலாம். அந்தப் பதிவு இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். ஏமாந்த பின், முதலீட்டாளர் பணத்தை மீட்க இங்கே உள்ள டான்பிட் நீதிமன்றம் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம். இங்கே முடக்குவதற்குச் சொத்து இருந்தால்தான் அந்த நீதிமன்றத்தில் பணம் கிடைக்கும்.

பணத்தை எப்படி அனுப்புவது

வெளிநாட்டில் சொத்து வாங்கவே கூடாது என்று சிலர் உங்களிடம் சொன்னது தவறு. ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம், சொத்து வாங்கவும் அனுப்பலாம். ஆனால் வங்கி வழியாக, உங்கள் பான் எண்ணில்தான் அது போக வேண்டும். இப்போதைய விதிப்படி வருடத்தில் 10 லட்சத்தைத் தாண்டும் தொகைக்கு வங்கி 20 சதவீதம் வரி பிடிக்கும். 90 லட்சத்துக்கு 16 லட்சம். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், மிச்சம் திரும்பி வரும், ஆனால் அதுவரை அந்தப் பணமும் உங்கள் கையில் இருக்க வேண்டும். இதைக் கூட்டத்தில் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. வெளிநாட்டுச் சொத்து வாங்க அனுப்பும் பணத்துக்கு வங்கிகள் கடன் கொடுக்கக் கூடாது என்பதால், நகை அடகு யோசனையையும் விட்டுவிடுங்கள்.

ரொக்கத்தைக் கும்பகோணத்தில் கொடுத்து அங்கே வரவு வைப்பதற்குப் பெயர் ஹவாலா. அந்நியச் செலாவணிச் சட்டத்தில் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். முப்பது வருடத்துக்கு மேல் ஆசிரியராக இருந்து சேர்த்த பெயர் உங்களுடையது. இப்படி ஒரு யோசனை சொன்னவரோடு வேறெந்தப் பேச்சும் வேண்டாம்.

வாங்கினால், ஒவ்வொரு வருடமும் வருமான வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் 2015-ம் வருடத்துக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் அபராதம். வாடகைக்கு இங்கேயும் வரி உண்டு, அங்கே கட்டிய வரிக்குக் கழிவு கிடைக்கும்.

ஐந்து மாவை விற்பது

இதில்தான் உங்கள் கடிதத்தின் பெரிய தவறான எண்ணம் இருக்கிறது. பட்டா உங்கள் பெயரில் இருப்பது வருவாய்த் துறைப் பதிவு. அது தங்கையின் பங்கை அழிக்காது. கல்யாணத்தில் போட்ட நகையும் செய்த சீரும் பாகப் பிரிவினை ஆகாது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம், அன்று கல்யாணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்தது. உங்கள் தங்கைக்குக் கல்யாணம் 1994-ல். ஆகவே, மகளுக்கும் சம உரிமை கொடுத்த 2005-ம் வருட மத்தியச் சட்டத் திருத்தம் வரை போகாமலே அவருக்கு உங்களுக்குச் சமமான பங்கு இருக்கிறது. பூர்வீகச் சொத்தாக உங்களுக்கு வந்த பங்கில் உங்கள் மகனுக்கும் மகளுக்கும் பிறப்பாலேயே உரிமை உண்டு. விவரம் தெரிந்த எந்த வாங்குபவரும் இவர்கள் எல்லோருடைய கையெழுத்தையும் கேட்பார். கேட்காமல் வாங்குகிறவர் விலையை அடித்துத்தான் கேட்பார்.

விவசாய நிலம் விற்றால் வரியே இல்லை என்பதும் எப்போதும் சரியில்லை. கும்பகோணம் மாநகராட்சி எல்லையிலிருந்து 6 கிலோமீட்டருக்குள் இருந்தால் அந்த நிலத்துக்கு மூலதன ஆதாய வரி வரும். பஸ்ஸில் ஒன்பது கிலோமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அளப்பது சாலை வழியாக அல்ல, வான்வழி நேர்க்கோட்டில். அப்படி அளந்தால் உங்கள் நிலம் உள்ளே வந்துவிடலாம். விற்ற பணத்தில் வீடு வாங்கினால் கிடைக்கும் வரி விலக்கும் இந்தியாவில் உள்ள வீட்டுக்கு மட்டும்தான். சும்பா வில்லாவுக்குக் கிடையாது.

வேறு என்ன செய்யலாம்

வயலை நம்பிய வாழ்க்கையிலிருந்து கொஞ்சம் விலக வேண்டும், விருந்தினரை வைத்து ஒரு வருமானம் வேண்டும் என்பது நியாயமான ஆசை. அதற்கு அந்தப் பூட்டிக் கிடக்கும் ஓட்டு வீட்டை முதலில் பாருங்கள் என்பேன். தாராசுரம் பக்கத்தில், சுவாமிமலை வார்ப்புப் பட்டறைகள், நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறைகள், திருபுவனம் தறிகள் எல்லாம் சிறிது தூரத்தில். இரண்டு வாரம் தங்கிப் பார்க்கிறவருக்குப் போதாமல் போகாத ஊர். உடனே பணம் கொட்டும் என்று நான் சொல்லவில்லை. ஓடு மாற்றி, கழிவறை கட்டி, ஒரு ஆளை வைத்து, இரண்டு சீசன் பொறுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் அதில் போடும் பணம் சில லட்சம், தவறினாலும் வீடு வீடாகவே இருக்கும். சுற்றுலாத் துறையின் ஹோம்ஸ்டே பதிவு முறை இருக்கிறது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் சி படிவம் பதிய வேண்டும். வயலில் காட்டேஜ் கட்டும் யோசனை வந்தால் மட்டும் நிதானியுங்கள். நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்ற ஆட்சியர் வரை போகும் அனுமதி வேண்டும். அந்த வீட்டிலும் தங்கைக்குப் பங்கு உண்டு.

தீவு ஆசையை மொத்தமாக விட மனமில்லை என்றால், மகன் சொந்தச் சம்பாத்தியத்தில், தன் பெயரில், அங்குள்ள தனி நோட்டரியையும் வழக்கறிஞரையும் தானே அமர்த்திக் குத்தகையாக எடுக்கட்டும். விற்பவர் ஏற்பாடு செய்யும் நோட்டரி வேண்டாம். அதற்கு முன் அவர் மழைக்காலத்தில் ஒரு முறை, கோடைக்கடைசியில் ஒரு முறை போய்த் தங்கிப் பார்க்க வேண்டும்.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். கூட்டம் நடத்தியவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, நிலச் சான்றிதழின் நகல், குத்தகை ஒப்பந்தத்தின் இந்தோனேசிய மொழிப் பிரதி, கட்டட அனுமதி, செபி பதிவு, திருப்பி வாங்குவதாகச் சொன்ன நிறுவனத்தின் கடைசி மூன்று வருடக் கணக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். மாதக் கடைசிக்குள் வராது என்றுதான் நினைக்கிறேன். வராவிட்டால் அந்தத் தேதி போகட்டும். தங்கையிடம் பேசுவதைத் தள்ளிப் போடாதீர்கள். அவர் பங்கைப் பிரித்துக் கேட்டால் பாகப் பிரிவினைப் பத்திரம், விட்டுக்கொடுக்க மனமிருந்தால் விடுதலைப் பத்திரம், எதுவானாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். பேசப் போகும்போது முழு வில்லங்கச் சான்றும் தாத்தா காலத்து மூலப்பத்திரமும் கையில் இருக்கட்டும், உங்கள் மனைவியும் கூட வரட்டும்.